வாயாடி பேசியதற்கு ஆதாரம்

சின்ன டீச்சருக்கு வயது ஐம்பத்தொன்று. உயரம், வாசல் நிலையில் தலை இடிக்கிற அளவு. அப்படியும் அவரைச் சின்ன டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடக் காரணம், அவர் வேலை பார்த்த இடத்துக்குச் சின்ன ஸ்கூல் என்று பெயர். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரைக்குமான பிள்ளைகள் பதினெட்டு பேர், தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள், ஒரு மர அலமாரி, பதினெட்டுப் பாய், பதினெட்டுக் கைத்துண்டு. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஸ்கூல், அதாவது அரசாங்க ஆரம்பப் பள்ளி. ஐந்து வயது முடிந்த பிள்ளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். நடுவில் இருபது அடி.

இந்த இருபது அடியைக் கடப்பதற்கு அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் வாயாடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வாயாடி பஞ்சர் கடைக்காரரின் மகள். பிறப்புச் சான்றிதழில் வேறொரு அழகான பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள். வாயாடி என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். சின்ன ஸ்கூலில் சேர்ந்து ஏழு மாதம் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. “வீட்ல வாய் ஓயாது டீச்சர். இங்க வந்தா மட்டும் பூட்டுப் போட்டுக்கிறா” என்று அப்பா சொன்னதை யாரும் நம்பவில்லை. பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சின்ன டீச்சரும் நினைத்தார்.

எட்டாவது மாதம் ஒரு மத்தியானம். பிள்ளைகள் தூங்குகிற நேரம். சின்ன டீச்சர் காய்ந்த கைத்துண்டுகளை உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தால் பதினேழு. “ஒண்ணைக் காணோமே, எங்க போய்த் தொலைஞ்சுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “ஜன்னல்ல.” திரும்பிப் பார்த்தார். பதினெட்டுப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று மட்டும் கண்ணை ரொம்ப இறுக்கி மூடியிருந்தது.

சின்ன டீச்சர் மறுநாள் வேண்டுமென்றே துண்டு மடித்தார். அதற்கடுத்த நாள் பாயைச் சுருட்டினார். விஷயம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் வாயாடி கல்லாகிவிடுவாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையில் ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு, காற்றிடம் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணினால் பதில் வரும். சில நாள் பதிலுக்கு மேலே நாலு கேள்வியும் வரும். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை, பத்து எண்ணுகிற பொறுமை இருந்தால் போதும்.

ஆகவே வாயாடியோடு பெரிய ஸ்கூலுக்குப் போய்ச் சேர வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். “முகத்தைப் பார்க்காமக் கேளுங்க, பத்து எண்ணுங்க.” அவ்வளவுதான்.

இந்த மாதிரி வாக்கியங்கள் வருஷா வருஷம் குழாயடியில் கைமாறிக்கொண்டிருந்தன. மதிலில் ஒரு இடத்தில் ஓர் ஆள் நுழைகிற சந்து. அங்கே இரண்டு ஸ்கூலுக்கும் பொதுவாக ஒரு குழாய். கல்வியாண்டின் கடைசி வாரத்தில் பெரிய ஸ்கூலின் ஒண்ணாம் வகுப்பு டீச்சர் குடத்தோடு வருவார். சின்ன டீச்சரும் குடத்தோடு நிற்பார். “இவன் கடிப்பான், ஆனா பசிச்சா மட்டும்.” “அவ இடது கை, மாத்த வேண்டாம்.” “இந்தப் பையனோட அப்பாவைப் பத்தி எதுவும் கேட்டுடாதீங்க.” இரண்டு குடம் நிரம்புவதற்குள் ஆறேழு பிள்ளைகளின் கதையும் முடிந்துவிடும். பதினாலு வருஷம் இப்படி ஓடியது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

பெயர் வைக்க ஓர் அதிகாரி வந்தார். ‘கைகோர்ப்புத் திட்டம்’ என்பது பெயர். அவர் அதன் ஒருங்கிணைப்பு அதிகாரி. நல்ல மனிதர், கையில் எப்போதும் ஒரு நீல ஃபைல், பேசும்போது இரண்டு கை விரல்களையும் கோர்த்துக் காட்டுவார். சின்ன டீச்சரை உட்காரவைத்துக் கேட்டார்.

“பெரிய பள்ளிக்கும் உங்க மையத்துக்கும் இப்ப ஏதாவது தொடர்பு இருக்காம்மா?”

“இருக்கு சார். குழாயடியில பேசிக்குவோம்.”

“எழுத்துப்பூர்வமா?”

“தண்ணி பிடிக்கும்போது எப்படி சார் எழுதறது?”

அதிகாரி ‘தொடர்பு: இல்லை’ என்று குறித்துக்கொண்டார். பிறகு, அடிப்படை வசதியில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். சின்ன டீச்சர் வெகுளி. “ரெண்டு பக்கத்துக்கும் ஒரே குழாய்தான் சார்” என்றார். அதையும் குறித்துக்கொண்டார்.

அரசாங்க வேலை மெதுவாக நடக்கும் என்று சொல்கிறவர்கள் அந்தப் பதினைந்து நாளைப் பார்த்திருக்க வேண்டும். பொதுக் குழாயைப் பிடுங்கினார்கள். ஆளுக்கொரு குழாய், நூறு அடி தள்ளித் தள்ளிப் போட்டார்கள். சந்து பழுது என்று பதிவாகி, செங்கல் வைத்து அடைக்கப்பட்டது. அடைத்த இடத்தில் சுண்ணாம்பு பூசி, ஒரு பெரிய கையும் ஒரு சின்னக் கையும் கோர்த்திருக்கிற மாதிரி ஓவியம் வரைந்தார்கள். ஓவியம் நன்றாகவே இருந்தது. ஒண்ணாம் வகுப்பு டீச்சருக்கு இந்த விஷயத்தில் பதினாலு வருஷ அனுபவம் இருப்பது தெரியவந்ததால், தொடர்பு ஏற்படுத்துவது எப்படி என்று மற்ற ஊர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரைப் பயிற்றுநராக அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு ஒரு புது டீச்சர் வந்தார். சின்னப் பெண், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, பியூன் இருமினால்கூட எழுந்து நிற்பாள்.

அடுத்து ஒப்பந்தம் வந்தது. நாற்பத்தொரு பக்கம். அதில் பதினேழாம் பிரிவு, குழந்தைகளைப் பற்றிய எந்தத் தகவலும் உரிய வழியில் மட்டுமே கைமாற வேண்டும், மீறினால் இரு தரப்புப் பணியாளர் மீதும் நடவடிக்கை என்றது. உரிய வழி என்பது சின்ன ஸ்கூலிலிருந்து வட்டார அலுவலகம், அங்கிருந்து தலைமை அலுவலகம், அங்கிருந்து தகவல் மையம், மறுபடி வட்டார அலுவலகம், கடைசியாகப் பெரிய ஸ்கூல். தொண்ணூறு வேலை நாள் ஆகும். பெரிய ஸ்கூல் திறக்க இருபத்தாறு நாள்தான் இருந்தது.

சுற்றிப் போய்ச் சொன்னால் அந்தப் புதுப் பெண்ணின் வேலைக்கும் ஆபத்து என்று சின்ன டீச்சர் அலுவலகத்துக்கே போய் நின்றார்.

“ஒரே ஒரு வாக்கியம் சார். அந்தப் புது டீச்சர்கிட்ட ஒரு நிமிஷம் நின்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். விரல்களைக் கோர்த்தார். “இதுதாம்மா நம்மகிட்ட இருக்கிற பிரச்சினை. உறவுங்கறது அவசரத்துல வளராது. முதல்ல கட்டமைப்பு. கட்டமைப்பு வந்த பிறகு உறவு. உறவு வந்த பிறகுதான் குழந்தை. நீங்க வரிசையை மாத்தறீங்க. குழந்தை முதல்ல வந்துட்டா, அப்புறம் திட்டத்தை எங்க கொண்டுபோய் வைக்கறது?”

சின்ன டீச்சர் எழுந்தார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து, திட்டத்தை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று அவரும் யோசித்துப் பார்த்தார்.

படிவம் வந்தபோது அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒரு பிள்ளைக்கு நூற்றுப் பன்னிரண்டு கட்டம். வாயாடியின் தலைச் சுற்றளவுக்கு ஒரு கட்டம், வீட்டில் கூரை எந்த வகை என்பதற்கு ஒரு கட்டம், எதிர்கால லட்சியத்துக்கு மூன்று கட்டங்கள். அறுபத்தெட்டாவது கட்டத்தில் ‘பேச்சு’ இருந்தது. ‘பேசும்’, ‘பேசாது’ என்று இரண்டே தேர்வு. சின்ன டீச்சர் ‘பேசும்’ என்பதில் குறி போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் தன் வாக்கியத்தை எழுதினார். படிவம் நான்காம் நாள் திரும்பி வந்தது. ‘ஓரங்களில் எழுதுவதைத் தவிர்க்கவும். ஓரங்கள் துளையிடுவதற்கு உரியவை.’ புதுப் படிவம் இணைக்கப்பட்டிருந்தது. அதில் ஓரமே இல்லை.

பிறகு இரண்டு நாள் பயிற்சி முகாம். தலைப்பு, ‘ஒருவரோடொருவர் பேசுவது எப்படி?’ இதிலாவது புது டீச்சரைப் பார்த்துவிடலாம் என்று சின்ன டீச்சர் இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனார். சின்ன ஸ்கூல்காரர்களுக்கு ஒரு கூடம், பெரிய ஸ்கூல்காரர்களுக்குப் பக்கத்துக் கூடம். இரண்டு துறையின் சாப்பாட்டுச் செலவும் வேறு வேறு கணக்கு என்பதால் ஒன்றாக உட்கார வழியில்லை. சாப்பாட்டு நேரமும் வேறு வேறு. “உங்க எதிர்ல இருக்கிறவங்களைப் பெரிய பள்ளி ஆசிரியையா கற்பனை பண்ணிக்கோங்க. மனசுல இருக்கிறதைத் தயங்காமச் சொல்லுங்க” என்றார் பயிற்றுநர். சின்ன டீச்சருக்கு எதிரில் எழுபது மைல் தள்ளியிருந்த இன்னொரு சின்ன ஸ்கூலின் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் வாயாடியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா அக்கறையாகக் கேட்டு, வாக்கியத்தை நோட்டிலும் எழுதிக்கொண்டார். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் புது டீச்சரும் யாரையோ சின்ன டீச்சராகக் கற்பனை பண்ணிக்கொண்டிருந்தாள். முகாம் முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள்.

மிச்சம் இருந்தது ஒப்படைப்பு விழா. பெரிய ஸ்கூல் திறக்கிற அன்றைக்கு, அதன் மைதானத்தில், ஒட்டுப்பலகையில் ஒரு பாலம் கட்டியிருந்தார்கள். ஆறு பிள்ளைகள் சின்ன டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பாலத்தில் ஏற வேண்டும். நடுப்பாலத்தில் புது டீச்சர் நிற்பாள். “ஒப்படைக்கிறேன்” என்று இவர் சொல்ல வேண்டும். “பெற்றுக்கொள்கிறேன்” என்று அவள் சொல்ல வேண்டும். முந்தின நாள் ஒத்திகைக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அதிகாரியே இரண்டு பேர் வசனத்தையும் பேசிக் காட்டினார்.

விழாவில் அவர் நாற்பது நிமிஷம் பேசினார். “இதுவரைக்கும் இந்த ரெண்டு பள்ளிக்கும் நடுவுல ஒரு சுவர்தான் இருந்துச்சு. ஒரு ஓட்டைகூட இருந்துச்சு, அதையும் நாங்க சரி பண்ணிட்டோம். இன்னிக்கு ஒரு பாலம் இருக்கு. நாளைக்குப் பாலம் இருக்குமான்னு கேப்பீங்க. வாடகைப் பாலம், சாயங்காலம் போயிடும். ஆனா அந்த உணர்வு நிரந்தரம்.” கைதட்டினார்கள்.

ஐந்து பிள்ளைகள் போனபின் வாயாடியின் முறை. அவள் கை வியர்த்திருந்தது. ஒலிபெருக்கியில் கைகோர்ப்புப் பாட்டு காதைக் கிழித்தது. சின்ன டீச்சர் புது டீச்சரின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒப்படைக்கிறேன் என்பதற்குப் பதிலாக, இரண்டு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னார். “இவளை மட்டும் முகத்தைப் பார்க்காமக் கேளும்மா. பத்து எண்ணு.”

புது டீச்சர் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி, “பெற்றுக்கொள்கிறேன்” என்றாள்.

பாட்டுச் சத்தத்தில் அவளுக்கு ஒரு எழுத்தும் விழவில்லை. வசனத்தைத் தவறவிட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் உதட்டசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன டீச்சர் மறுபடி சொல்ல வாயெடுத்தார். “அம்மா, வாய் அசையுது, படம் கலங்குது” என்றார் புகைப்படக்காரர். சின்ன டீச்சர் பாலத்திலிருந்து இறங்கிவிட்டார்.

ஒப்படைத்த மூன்றாம் நாள் தயார்நிலை மதிப்பீடு, அதுவரை பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைக்கவில்லை. தயாராக இல்லை என்றால் ஏன் ஒப்படைத்தார்கள் என்று கேட்கக்கூடாது. விழாவுக்குத் தேதி முன்னாலேயே கொடுத்தாகிவிட்டது. மதிப்பீட்டாளர் ஒரு நடுவயது அம்மா. நாற்பது கேள்விகள். குழந்தையின் கண்ணை நேராகப் பார்த்துத்தான் ஒவ்வொரு கேள்வியையும் கேட்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது என்பது நான்காம் விதி. சின்ன டீச்சரையும் பஞ்சர் கடைக்காரரையும் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

“மேடம், ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன்” என்று சின்ன டீச்சர் கதவருகே மறித்தார்.

“எனக்கு உதவியா இருக்கும்தாம்மா” என்றார் அந்த அம்மா வருத்தத்தோடு. “ஆனா உதவி வாங்கினா மதிப்பீடு செல்லாது.”

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதன் வழியாகச் சின்ன டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். மதிப்பீட்டாளர் கடுமையானவராக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் நல்லவர். முதல் கேள்விக்குப் பதில் வராததால் இரண்டாவது கேள்விக்கு நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்தாவது கேள்விக்கு முன்னால் குனிந்து, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, கனிவாகச் சிரித்தார். பத்தாவது கேள்விக்கு வாயாடியின் தாடையை விரலால் மெல்ல நிமிர்த்தினார். வாயாடியின் கால் தரையில் எட்டவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கால் ஆடவும் இல்லை. நாற்பது கேள்வி முடியக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் சின்ன டீச்சர் வெளியே நின்று பத்து எண்ணினார். எட்டு எண்ணுவதற்குள் உள்ளே அடுத்த கேள்வி போய்விட்டது.

நாற்பதுக்குப் பூஜ்யம். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் அப்பா பழக்கதோஷத்தில் வாயாடி என்று சொல்ல, மதிப்பீட்டாளர் அதையே எழுதியிருந்தார். பெயர்: வாயாடி. பேச்சு: இல்லை.

அதிகாரி இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“அவ வீட்ல பேசுவா சார்” என்றார் பஞ்சர் கடைக்காரர். கிரீஸ் கறை போகாத கைகளை முழங்காலுக்குக் கீழே மறைத்துக்கொண்டார். “கடைக்கு வந்தா என் முதுகுப் பக்கம் உக்காந்துக்கிட்டு ஓயாமப் பேசிட்டிருப்பா.”

“வீடும் கடையும் மதிப்பீட்டு எல்லைக்குள்ள வராதுங்க.”

“நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கேக்கறேன் சார், இப்பவே காட்டறேன்” என்றார் சின்ன டீச்சர்.

“நீங்க கேட்டா உங்களுக்குத்தாம்மா பதில் சொல்லுவா. அரசாங்கத்துக்குச் சொல்லணும்ல?” அதிகாரி விரல்களைக் கோர்த்தார். “நம்ம இலக்கு என்ன? ஒண்ணாம் வகுப்புல நூறு சதவீதம் தயாரான குழந்தைகள். வகுப்புல இருபத்தஞ்சு பேர். இவளைச் சேர்த்தா தொண்ணூத்தாறு ஆயிடுது. சேர்க்கலேன்னா நூறு. இவளால ஒரு குறை வந்துச்சுன்னு நாளைக்கு யாரும் இவளைச் சொல்லிடக் கூடாது பாருங்க. அதுக்காகத்தான் இவளுக்கு வேற நல்ல இடம் பார்த்திருக்கோம்.”

நல்ல இடம் என்பது இருபது மைல் தள்ளியிருந்த சிறப்பு மையம். காலை ஆறு மணிக்கு வேன், சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பும். ஒரு மாதத்தில் மறுபரிசீலனை உண்டு என்று எழுதியிருந்தது. பஞ்சர் கடைக்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சின்ன டீச்சரைப் பார்த்தார்.

“போடட்டுமா டீச்சர்?”

ஒரு மாதம்தானே என்று சின்ன டீச்சர் நினைத்தார். “போடுங்க” என்றார். இதை நினைத்து அவர் பிற்பாடு அழாத நாள் குறைவு.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் புது டீச்சர், யார் கண்ணிலும் படாமல் பெரிய ஸ்கூலைச் சுற்றிக்கொண்டு, அரை மைல் நடந்து சின்ன ஸ்கூல் வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“அக்கா, பாலத்துல ஆறு பேரைக் குடுத்தீங்க. என் வருகைப் பதிவேட்டுல அஞ்சு பேர்தான் இருக்காங்க. கை வியர்த்துப் போய் ஒரு பொண்ணு இருந்தாளே, அவ எங்க?”

சின்ன டீச்சர் சொன்னார். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. வாக்கியத்தைச் சொல்ல ஆன நேரம் அதில் நாலு விநாடி.

“இவ்வளவுதானா அக்கா?”

“இவ்வளவுதாம்மா.”

“நான் எப்பவும் கரும்பலகையைப் பார்த்துக்கிட்டுத்தான் கேள்வியே கேப்பேன். பிள்ளைங்க முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சம்.” மணி அடித்துவிடும் என்று வந்த வழியே ஓடினாள்.

ஒரு மாதம் முடிந்து மறுபரிசீலனை வந்தபோது பஞ்சர் கடைக்காரர் ஒரு கடிதத்தோடு வந்தார். மேற்படி குழந்தை எப்போதாவது பேசியிருப்பின் அதற்கான ஆதாரத்தைச் சமர்ப்பிக்கவும் என்று அதில் இருந்தது. அவர் உட்காரவில்லை.

“எப்படி டீச்சர் ஆதாரம் குடுக்கறது? போன வாரத்துலேருந்து வீட்லயும் பேசறதில்ல. கடையில முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தே இருக்கேன். அவங்கம்மா ஷிப்டு முடிஞ்சு வந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. அங்க வேன்ல, வகுப்புல, எல்லாரும் முகத்தைப் பார்த்து வாயைத் திற, வாயைத் திறன்னு பயிற்சி குடுக்கறாங்களாம். நல்லதுக்குத்தான் குடுக்கறாங்க.”

சின்ன டீச்சர் ஒரு நோட்டை எடுத்து மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். வாயாடி எப்போது, எந்த இடத்தில், என்ன சொன்னாள் என்று ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதினார். புது டீச்சர் சனிக்கிழமை ஒளிந்து வந்து நல்ல எழுத்தில் நகல் எடுத்துக் கொடுத்தாள். மொத்தம் அறுபத்து மூன்று. ‘மழை நம்ம கூரையில மட்டும்தான் சத்தம் போடுது. பெரிய ஸ்கூலைப் பார்த்தா அதுக்குப் பயமா?’ ‘எறும்புக்கு லீவே கிடையாதா?’ ‘எங்கப்பா டயருக்குக் காத்து அடிப்பாரு. எனக்கு அடிக்க வேணாம், எனக்கு உள்ளயே இருக்கு.’ எழுத எழுதச் சின்ன டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டும் எழுதினார். அறுபத்து மூன்றாவதாக, வாயாடி கடைசி வாரத்தில் கேட்ட ஒரு கேள்வியை எழுதி, கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி அதை முழுக்கப் படித்தார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் நிஜமாகவே கலங்கிப்போனார் என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

“அருமைம்மா. ஆனா இது ஆதாரம் இல்ல, ஞாபகம். ஞாபகத்தை நான் எந்த ஃபைல்ல வைக்கறது? மதிப்பீட்டாளர் முன்னால, கண்ணைப் பார்த்து, ஒரு வார்த்தை. ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும், நானே வேனை நிறுத்திடுவேன். அடுத்த கல்வியாண்டுல பார்ப்போம்.” காகிதங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவர் வைத்துக்கொண்டதைச் சின்ன டீச்சர் ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று மாதம் போயிற்று. திட்டம் முதல் பரிசு வாங்கியது. ஒண்ணாம் வகுப்பில் நூறு சதவீதம். அதைக் கொண்டாட ஒரு சுவரொட்டி அடித்து, பஸ் நிறுத்தம், தபால் நிலையம், கடைத்தெரு என்று எங்கும் ஒட்டினார்கள். பளபளப்பான தாள். மேலே கோர்த்த கைகள். நடுவில் கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிற யாரோ ஒரு குழந்தை. கீழே கொட்டை எழுத்தில், ‘சுவருக்கு அந்தப் பக்கமும் நீங்க வருவீங்களா? ஒரு மழலையின் அழைப்பு. கைகோர்ப்போம், வாருங்கள்.’

பஞ்சர் கடைக்காரர் சாயங்காலம் அதில் ஒன்றைக் கிழியாமல் பிரித்து எடுத்துக்கொண்டு சின்ன ஸ்கூலுக்கு வந்தார். பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். வாயாடி வாசலில் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். வேனிலிருந்து இப்போதுதான் இறங்கியிருந்தாள், சீருடைகூட மாற்றவில்லை. சின்ன டீச்சரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்பெல்லாம் யார் முகத்தையும் அப்படி நேராகப் பார்க்க மாட்டாள். அதை மட்டும் அங்கே நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அப்பா சுவரொட்டியை மேசைமேல் விரித்தார். ஓரம் சுருண்டுகொண்டது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“நகல் எடுத்த டீச்சர் கடைக்கு வந்து சொன்னாங்க. இது வாயாடி சொன்னதாமே.”

“ஆமா.”

“வீட்ல பேசி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு டீச்சர். குரல் எப்படி இருக்கும்னே மறந்துடுவேன் போலிருக்கு. இங்க பாருங்க, பஸ்ஸுல போறவன் வர்றவன்லாம் படிக்கறான். எனக்கு மட்டும் கேக்கல.” அந்த எழுத்தின் மேல் குனிந்தார். “எப்ப சொன்னா?”

“கடைசி வாரத்துல. நான் அலமாரியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். அவ பின்னால நின்னு கேட்டா.”

“திரும்பிப் பார்த்தீங்களா?”

“பார்க்கல.”

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

அறுபத்து மூன்றுக்கும் வாயாடி சொன்னதைத்தான் சின்ன டீச்சர் எழுதியிருந்தார். தான் சொன்ன பதில்களை எழுதவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. அவர் வாசல் பக்கம் பார்க்காமல், சுவரொட்டியின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே நின்றார்.

“வருவேன்னு சொன்னேன்” என்றார்.